தறி நின்ற நேரத்து ஆஜர்

கரண்ட் போனால் மற்ற தெருக்களில் ஜனங்கள் விசிறியைத் தேடுவார்கள், யாரையாவது திட்டுவார்கள். சங்கரன்கோவிலில் அந்தத் தறிக்காரத் தெருவில் மட்டும் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். துரைப்பாண்டி வந்து பேர் கூப்பிடுவார், பதில் சொல்ல வேண்டும்.

முதலாளி அய்யாத்துரையின் தறிச்செட்டில் பதினாறு விசைத்தறி. ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூட காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவன் இரண்டே நாளில் தலைவலி என்று ஓடிப்போவான். துரைப்பாண்டிக்கோ அதுதான் உலகத்திலேயே நிம்மதியான இடம். நான்கு தறியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வார். ஊடைநூலை இழுத்துக்கொண்டு நாடா இங்குமங்கும் பாய்வதைப் பார்த்தபடி, அறுந்த இழையை முடிந்தபடி, கோவில் வாசலில் நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்.

வினையெல்லாம் சத்தம் நின்றால்தான். பதினாறு தறியும் சேர்ந்து சட்டென்று ஓய்ந்ததும் அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்க்கும், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். உடனே வெளியே வந்து மேலக்கோடியிலிருந்து ஒவ்வொரு வாசலாகக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்.

"அய்யாத்துரை அண்ணாச்சி!"

"இருக்கேம்பா."

"மிஸ்ரியா!"

"இருக்கேன் அண்ணாச்சி."

"ஆஷிக் அலி!"

"இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி. பால் பொங்குது, அதான் வெளிய வரல."

இருபத்தாறு வீட்டையும் இப்படி எண்ணி முடித்துவிட்டு, கீழக்கோடி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்று கடைசியாக மூன்று பேரைக் கூப்பிடுவார். தர்ஷன் சிங். மோகன் தாபா. லக்கன் ராம். அந்தத் தெருவில் அப்படி யாரும் கிடையாது. அவர் பட்டாளத்தில் இருந்த காலத்துக் கூட்டாளிகளாக இருக்கும் என்று தெரு நினைத்துக்கொண்டது. டீக்கடை ஆஷிக் அலி ஒரு தடவை விளையாட்டுக்கு, "ஆஜர் சாப்!" என்று கடைக்குள்ளிருந்து பதில் கொடுத்தான். துரைப்பாண்டி திரும்பிப் பார்த்த பார்வையில் கையிலிருந்த கிளாசைப் போட்டுவிட்டான். அதன் பிறகு அந்த மூன்று பேருக்கு யாரும் குரல் கொடுத்ததில்லை.

பதில் வராத அந்த இடத்திலேயே, கரண்ட் வந்து தறி ஓடும்வரை அவர் நிற்பார். அரைமணி நேரமானாலும் சரி, பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி சாயங்காலம் விடுகிற நாளானாலும் சரி. அவர் மனைவி பொன்மணி வீட்டில், நாடாவுக்குள் வைக்கிற நூல்தாரைச் சுற்றுகிற மிஷின் நின்றதுமே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சங்கரன்கோவில் வெயில் நின்று பார்க்கிற வெயில் இல்லை. அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி, தன் தலை காய நிற்பாள். ஏழு வருஷமாக அப்படித்தான்.

குருவிகுளம் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்து, பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், இருபது வருஷம் வயர்லெஸ் செட்டோடு வாழ்ந்தவர் துரைப்பாண்டி. கடைசி நாலு வருஷம் கை நடுக்கம் வந்து, தூக்கம் கெட்டு, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துப் பார்த்து, இனி ஆகாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர்கள் கூடி ஒரு தாள் எழுதினார்கள். பதட்ட நோய் இருக்கிறது. ஆனால் அது பணியால் வந்ததல்ல, உடல்வாகைச் சேர்ந்தது. அந்த ஒற்றை வரியால் ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடையாது என்றாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டு அனுப்புகிற அளவுக்கு நோய் உண்டு, ஈடு கொடுக்கிற அளவுக்கு நோய் இல்லை. இந்தக் கணக்கு பொன்மணிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவளுக்குப் பணத்தைவிட உறுத்தியது 'உடல்வாகு' என்ற வார்த்தைதான். மகள் மாரிசெல்விக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மனு டைப் அடிக்கிறாள். அப்பனுக்கு நரம்புக்கோளாறு பிறவியிலேயே உண்டு என்று சர்க்கார் தாளே சொல்லும்போது எவன் பொண்ணு எடுக்க வருவான்? மகள் மூன்று தடவை மேல்மனு அடித்து அனுப்பினாள். அம்மா தன் பங்குக்குத் தெருவெல்லாம் போய் ஒவ்வொரு வீட்டிலும் கையைப் பிடித்துச் சொல்லிவைத்தாள்.

"யாராவது வந்து எங்களைப் பத்தி விசாரிச்சா ஒரு வார்த்தை விட்ராதீங்க. அவுகளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இந்தப் பக்கத்து வழக்கம் அது. பொண்ணு பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஓர் ஆள் வருவார். பெண் வீட்டுக்கு வரமாட்டார். டீக்கடையில் உட்காருவார், தையல்காரியிடம் பேச்சுக் கொடுப்பார், முதலாளியைப் பார்ப்பார். ஆள் எப்படி, குடி உண்டா, உடம்பில் கோளாறு உண்டா என்று நாலு இடத்தில் கேட்டுக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். தெரு நல்லபடியாகச் சொன்னால்தான் அடுத்த பேச்சு.

வைகாசியில் ஒருநாள் அப்படி ஓர் ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் நீலப் பை. அன்றைக்குப் பார்த்து வீடு பூட்டிக் கிடந்தது. மாதாந்திர மாத்திரை வாங்கப் புருஷனும் பெண்டாட்டியும் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள்.

ஆனி பிறந்ததும் தபால் வந்தது. மாரிசெல்வி நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள்.

"எம்மா, மேல்மனுவ எடுத்துப் பாத்திருக்காங்க."

"நல்லதுதானட்டி. என்ன சொல்லுதாங்க?"

"ஊர்ல எப்படி இருக்காருன்னு விசாரிக்க ஆள் அனுப்பிச்சாங்களாம். அக்கம்பக்கத்துல கேட்டதுல அப்பா திடகாத்திரமா இருக்காரு, எந்த நோயும் இல்லன்னு தெரியுதாம். ஒரு மாசத்துல விளக்கம் கேட்டிருக்காங்க."

பொன்மணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனாள்.

"ஏ ஆஷிக், நாங்க திருநெல்வேலி போயிருந்த அன்னைக்கு யாரும் வந்து கேட்டாகளா?"

ஆஷிக் அலிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன் மதினி. சொன்னா கண்ணு பட்டுரும்னு மிஸ்ரியாதான் வேண்டாம்னுட்டா. வந்தாரு. நல்ல பசையுள்ள இடம் மாதிரி தெரிஞ்சுது. டீக்குக் காசு வாங்கல நான்."

"என்ன கேட்டாரு?"

"எல்லாந்தான். குணம் எப்படி, உடம்பு எப்படி, ராத்திரி தூங்குதாரான்னு. மாப்பிள வீட்டுக்காரங்க இப்படித் துருவித் துருவிக் கேப்பாங்களான்னு நானே அசந்துட்டேன்."

"நீ என்னல சொன்ன?"

"தூங்குதாராவா? அண்ணாச்சி விடுத குறட்டையில என் கடை கிளாசெல்லாம் ஆடுமேன்னேன்."

பொன்மணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு மிஸ்ரியா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்தாள். கழுத்தில் இஞ்சுடேப்பு தொங்கியது.

"என்னக்கா, அமைஞ்சுருச்சா?"

"நீ என்ன சொன்னட்டி அந்த ஆளுகிட்ட?"

"திடீர்னு பயப்படுவாரா, படபடப்பு வருமான்னு கேட்டாரு. பேய்க்கே பயப்படமாட்டாரு எங்க அண்ணாச்சி, தீவாளி வெடிய கையில புடிச்சே போடுவாருன்னேன். ஏங்க்கா, தப்பா?"

செட்டிலிருந்து அய்யாத்துரையையும் கூப்பிட்டு வந்தார்கள். மனிதர் எழுபதை நெருங்குகிறவர். பஞ்சுத் தூசி படிந்த புருவத்தோடு, கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் பொய் சொல்லலை தாயி. நாலு தறிய ஒத்தையாப் பாக்காரு, இந்தச் சத்தத்துல கோளாறு உள்ளவன் நிப்பானா, நீங்களே உள்ள வந்து பாருங்கன்னு கூட்டிட்டுப் போயிக் காமிச்சேன். அந்த ஆளு காதைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாரு. வெளிய நின்னு என்னமோ எழுதுனாரு. மாப்பிள வீட்டுக்காரன் எதுக்கு எழுதுதான்னு எனக்கு ஒரு சந்தேகம்தான்."

"அது மாப்பிள வீட்டு ஆளு இல்ல அண்ணாச்சி. பட்டாளத்து மனுவுக்காக வந்த ஆளு."

ஆஷிக் அலி டீ ஆற்றுவதை நிறுத்தினான்.

"யா அல்லாஹ்," என்றாள் மிஸ்ரியா. "நம்ம வாயாலயே கெடுத்துட்டமா?"

"நீங்க என்ன செய்வீங்க? சொல்லச் சொன்னவ நானு," என்றாள் பொன்மணி. அழுகை வந்தது. அழுகைக்கு நடுவில், குறட்டையில் கிளாஸ் ஆடுகிறதை நினைத்துச் சிரிப்பும் வந்து தொலைத்தது. மனுஷன் நிம்மதியாகக் குறட்டைவிட்டுத் தூங்கி எத்தனை காலமாயிற்று. அதை நினைத்ததும் மறுபடி அழுதாள்.

துரைப்பாண்டி விஷயம் கேட்டுக் கோபப்படவில்லை. கூட்டாஞ்சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். கரண்ட் இருந்ததால் செட்டின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அவங்கள ஒண்ணும் சொல்லாத. நீ கேட்டுக்கிட்டே, நமக்காகக் காவல் நின்னிருக்காங்க."

"பணம் போச்சுல்லா?"

"பணம் வராட்டாப் போகுது. தறி இருக்கு, கை இருக்கு. எங்க அப்பன் தொண்ணூறு வயசுவரைக்கும் காட்டுல ஒத்தையாப் படுத்துக் கிடந்தவன். அவனுக்கும் இல்லாத, எங்க தாத்தனுக்கும் இல்லாத ஒண்ண என் ரத்தத்துல எழுதி வச்சிட்டாங்க. அதை மட்டும் அழிச்சாப் போதும் எனக்கு."

அவ்வளவு பேசுவதே அவருக்கு அதிகம். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்று சாயங்காலம் பொன்மணி மறுபடி வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். மறு விசாரணை வேண்டுமென்று மனு போகிறது, அந்த ஆள் திரும்ப வருவார், இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள் என்றாள். அய்யாத்துரை ஒரு கேள்வி கேட்டார்.

"சரி தாயி. ஆனா வாரவன் ஆபீஸ் ஆளா, பொண்ணு கேட்டு வாரவனான்னு நெத்தியில எழுதியா ஒட்டிருக்கும்? நாங்க யாருகிட்ட எதைச் சொல்ல?"

பின்னால் நின்ற மாரிசெல்விதான் பதில் சொன்னாள்.

"யாரு வந்தாலும் உள்ளதையே சொல்லுங்க தாத்தா."

"ஏட்டி, ஒனக்கு வாழ்க்கை வேண்டாமா?"

"எம்மா, நீ பொய் சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்திருவ. கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துல கரண்ட் போகாதா?"

பொன்மணி அய்யாத்துரை பக்கம் திரும்பினாள். "யாரு வந்தாலும் உள்ளதையே சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள். ஆபீஸ்காரர் முந்தி வந்துவிட வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரன் பிந்தி வர வேண்டும் என்று மனசுக்குள் கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

கோமதி அம்மன் அந்த வேண்டுதலைக் கண்டுகொள்ளவில்லை. ஆனிக் கடைசியில், ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது, புழுதிக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மிஸ்ரியா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பொன்மணி தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வந்துட்டாரு! இந்தத் தடவை ஒண்ணுவிடாம சொல்லியாச்சு. படபடப்பு, வேர்வை, தெருவெல்லாம் பேர் கூப்பிடுதது, திருநெல்வேலி மாத்திரை, எல்லாம். ஆஷிக்கு ஒருபடி மேலபோயி, 'அண்ணாச்சி தூங்கி நான் பாத்ததே இல்ல சார்'னு கண்ணைத் தொடச்சுக்கிட்டான்."

"நெசமாவா? அதே ஆளா?"

"இல்லக்கா, இது வேற ஆளு. வயசானவரு. பைக்குல வந்திருக்காரு, கரிவலத்துலயிருந்து."

பொன்மணியின் கை மிஷினில் அப்படியே நின்றது. "கரிவலத்துல ஏதுட்டி பட்டாளத்து ஆபீஸு?"

மிஸ்ரியா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

வந்தவர் சுந்தரராஜ். கரிவலம்வந்தநல்லூரில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தாலுகா ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் கடுதாசி பார்த்து ரிட்டையர் ஆனவர் என்பதால்தான் விசாரிக்க அவரை அனுப்பியிருந்தார்கள். வழக்கப்படி வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. ஆனாலும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. முப்பது எடத்துல பொண்ணு விசாரிச்சிருக்கேன். எல்லாத் தெருவுலயும் பொண்ணு வீட்டைப் பத்தி நல்லதாச் சொல்லிக் கேட்டிருக்கேன். சில எடத்துல பொறாமையில கெட்டதாச் சொல்லியும் கேட்டிருக்கேன். ஒரு தெருவே கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டுக் கெட்டதாச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன். அதான் என்னன்னு பாத்துட்டுப் போவம்னு வந்தேன்."

மிஸ்ரியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பொன்மணிக்கு ஒரு நொடி பழைய பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதெல்லாம் சும்மா, இந்தத் தெருக்காரங்களுக்கு எங்க மேல பொறாமை என்று சொல்லிவிடலாம். மகள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

"அவங்க சொன்னதெல்லாம் நெசந்தான் அண்ணாச்சி," என்றாள்.

சுந்தரராஜ் தலையை ஆட்டினார். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். ஒளிக்காமச் சொல்லு. இது வம்சத்துல உண்டா?"

"எங்க மாமனாருக்குக் கெடையாது. அவுகளைப் பெத்தவுகளுக்கும் கெடையாது. பட்டாளத்துத் தாளுல உடல்வாகுன்னு எழுதிட்டாங்க. அதை எதுத்துத்தான் ஏழு வருஷமா மனுப் போட்டுக்கிட்டு இருக்கோம். நீங்க அந்தத் தாள நம்புவீங்களோ, என்னை நம்புவீங்களோ, எனக்குத் தெரியாது."

அவர் பதில் சொல்வதற்குள் தார் மிஷின் நின்றது. மேலே விசிறி தள்ளாடி ஓய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு தறியும் ஒரே மூச்சில் அடங்கிப்போயின.

பொன்மணி கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்கா போக வேண்டும் இந்தக் கரண்ட்.

"அய்யாத்துரை அண்ணாச்சி!"

குரல் மேலக்கோடியில் கிளம்பியது. சுந்தரராஜ் எழுந்து வாசலுக்குப் போனார். புழுதிக் காற்றுக்குள் வேர்த்துப்போன பனியனோடு ஒரு மனிதர் வாசல் வாசலாக நின்று கூப்பிட்டுக்கொண்டு வருவதையும், ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வந்து பதில் சொல்வதையும் பார்த்தார். இலை எடுத்த கையோடு ஒருத்தி, பல் துலக்குகிற பிரஷோடு ஒருவன், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

"பொன்மணி!"

"இருக்கேன்," என்றாள் அவள், சுந்தரராஜின் முதுகுக்குப் பின்னாலிருந்து. துரைப்பாண்டி புது ஆளைக் கவனிக்காமல் கடந்து போனார். கீழக்கோடியிலிருந்து அந்த மூன்று பெயர்களும் கேட்டன. பிறகு சத்தமே இல்லை.

"அது யாரு மூணு பேரு? ஒருத்தரும் பதில் சொல்லலயே," என்றார் சுந்தரராஜ்.

பொன்மணி குடையை எடுத்துக்கொண்டிருந்தாள். "இவுக கூடப் பனிமலையில இருந்தவங்க. சாமான் எடுக்கக் கீழ எறங்குனாங்களாம். இவுக வயர்லெஸ்ல உக்காந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காக. பதினோரு மணி நேரம். பதில் வரலை. அஞ்சாவது நாள்தான் சரிஞ்ச பனிக்குள்ள இருந்து தோண்டி எடுத்தாங்களாம்."

"இதை மனுவுல எழுதுனீங்களா?"

"அவுக யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்கிட்டயே ஒரே ஒரு தடவதான் சொன்னாக. மக டாக்டர் சீட்டைத்தான் வச்சு எழுதுனா."

சுந்தரராஜ் கீழக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபமாகப் பேசினார். யார் மேல் கோபம் என்று பொன்மணிக்குத் தெரியவில்லை.

"என்னம்மா நீங்க! வம்சத்துல வந்த கோளாறுன்னா வம்சத்துப் பேரையில்லா கூப்பிடணும்? பஞ்சாபிலயும் நேபாளத்துலயும் பொறந்தவன் பேரு குருவிகுளத்து ரத்தத்துல எப்படி வரும்? அந்த மூணு பேரையும் மொதல்ல எழுதுங்க. தேதி, எடம், யாரு மேலதிகாரி, எல்லாம். நான் பாத்த கடுதாசிய வச்சுச் சொல்லுதேன், பேரு இருந்தாத்தான் கடுதாசிக்கு உயிரு."

செருப்பை மாட்டிக்கொண்டார். பொன்மணி குடையோடு வாசல்வரை வந்தாள். அவரே திரும்பினார்.

"ஆடி கழியட்டும். ஆவணியில பொண்ணு பாக்க வாரோம். எங்க பக்கமும் கரண்ட் போகும்மா. எங்கள எவன் கூப்பிட்டுக் கேக்கான், இருக்கியா செத்தியான்னு."

அவர் பைக் போன பிறகும் மிஸ்ரியா சுவரை விட்டு வரவில்லை. வந்ததும் பொன்மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். இஞ்சுடேப்பு இரண்டு பேர் கழுத்திலும் சுற்றிக்கொண்டது.

பேர் எழுதுவதுதான் எளிதாக இல்லை. மகள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் துரைப்பாண்டி எழுந்து போய்விடுவார். மூன்று நாள் பார்த்துவிட்டு மாரிசெல்வி நோட்டோடு செட்டுக்குள் போனாள். பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பாவின் பக்கத்தில் போய் நின்று காதில், "எப்பா, இப்பச் சொல்லு," என்று கத்தினாள். அவர் நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவள் காதில் வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் மகளைத் தவிர ஒருவருக்கும் கேட்கவில்லை. இழை அறுந்தால் போய் முடிந்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னார். செட்டில் இருட்டுகிற நேரத்துக்குள் நின்றபடியே பதினான்கு பக்கம் எழுதியிருந்தாள். அய்யாத்துரை அன்றைக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத் தயாராக வைத்திருந்தார். ஒருவேளை கரண்ட் போனால் பேச்சு நின்றுவிடுமே என்று. கரண்ட் போகவில்லை.

ஆடித்தபசுக்குக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த வாரத்தில் நீலப் பைக்காரர் வந்தார். இந்தத் தடவை முதலிலேயே தன் அடையாள அட்டையைக் காட்டினார். ஆஷிக் அலி இரண்டு தடவை அதை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"அன்னைக்குக் குறட்டைன்னு சொன்னீங்களே," என்றார் அவர்.

"அன்னைக்கு நீங்க மாப்பிளைக்குச் சித்தப்பா சார்."

அவர் சிரித்துவிட்டார். செட்டில் அய்யாத்துரை அவரிடம், "வேணும்னா மெயினை அமத்திக் காட்டட்டுமா, ஒங்க கண்ணால பாத்துக்கிடலாம்," என்று கேட்டார். கேட்டபிறகு அவருக்கே முகம் விழுந்துவிட்டது. மாரிசெல்வி மனுவோடு சேர்த்து அனுப்பியிருந்த பதினான்கு பக்கம் நீலப் பைக்காரர் கையில் இருந்தது. அதை ஒருதரம் பார்த்தார்.

"வேண்டாங்க ஐயா. ஓடட்டும்," என்றார்.

தை பிறந்து மூன்றாம் நாள் தாள் வந்தது. மாரிசெல்விக்கு அன்றைக்குப் பரிசம் போட்டு இரண்டு மாசம் முடிந்திருந்தது. தெரு முழுக்க டீக்கடைக்கு முன்னால் கூடிவிட்டது. அவள் இங்கிலீஷில் ஒருதரம் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள். மனுதாரரின் நோய் படைப்பணியால் ஏற்பட்டது. உடல்வாகைச் சேர்ந்தது என்ற முந்தைய முடிவு ரத்து செய்யப்படுகிறது. ஊன ஓய்வூதியம் வெளியேறிய நாளிலிருந்து கணக்கிட்டு வழங்கப்படும்.

"இன்னொருக்கப் படி," என்றார் துரைப்பாண்டி.

படித்தாள்.

"பணத்தை விடு. முந்துன வரிய மட்டும் படி."

படைப்பணியால் ஏற்பட்டது என்று மூன்றாவது தடவையும் படித்தாள். அவர் தாளை வாங்கி அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். ஆஷிக் அலி ஊருக்கே இலவச டீ போட்டான். பொன்மணி அம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள். கேட்டதைக் கேட்டபடி கொடுக்கவில்லை என்றாலும் நேர்ந்தது நேர்ந்ததுதானே.

மாசியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் கரண்ட் போகவில்லை. மகள் கேட்டது வீணாகப் போயிற்றே என்று மிஸ்ரியா கேலி செய்தாள்.

பங்குனியில் மகளும் மருமகன் முத்துமணியும் விருந்துக்கு வந்திருந்தபோதுதான் கரண்ட் போனது. மத்தியானம், சோறு வடித்து இறக்குகிற நேரம். வெயில் கண்ணைக் குத்தியது. தறிகள் ஓய்ந்தன. தெரு வழக்கம்போல வாசலுக்கு வந்தது. நோய் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. துரைப்பாண்டிக்கு அதே வேர்வை, அதே மேல்மூச்சு. மேலக்கோடியிலிருந்து பேர் பேராகக் கேட்டுக்கொண்டு வந்தார். தன் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றார்.

"முத்துமணி!"

மருமகனுக்கு அவன் தாய்மாமன் சுந்தரராஜ் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். "இருக்கேன் மாமா," என்று பெரிய குரலில் சொன்னான்.

கீழக்கோடியில் மூன்று பெயர்களும் கேட்டன. தர்ஷன் சிங். மோகன் தாபா. லக்கன் ராம். பொன்மணி உலையை மூடி வைத்துவிட்டு, குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வேகமாக வாசலைத் தாண்டினாள். தாண்டினவள் நின்றுவிட்டாள். எதிரே துரைப்பாண்டி வந்துகொண்டிருந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பைய, வெறுங்காலோடு.

"கரண்ட் இன்னும் வரலயே," என்றாள்.

"வரும்போது வரட்டும்." அவர் வாசல்படியில் ஏறிக் குடத்துத் தண்ணீரில் கால் கழுவினார். "கூப்பிட்டுட்டேன். அந்த மூணு பேரும் எப்படிப் போய்ச் சேந்தாங்கன்னு இப்பத் தாளுல இருக்கு. என்ன கொழம்பு?"

"கருவாட்டுக் கொழம்பு."

"சோறு போடு. மருமகன் பசியோட உக்காந்திருக்காரு."

சத்தமில்லாத அந்த மத்தியானத்தில், மடக்காத குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பொன்மணி இலை போட்டாள்.